முடிகிற பக்கங்கள்

என் பெரியப்பாவிடமிருந்து விடிவதற்குள் ஒரு படம் வந்துவிடும். மலைக்குப் பின்னால் சூரியன், மேலே மஞ்சள் எழுத்தில் ஒரு பொன்மொழி, அடியில் ஐன்ஸ்டீன் பெயர். அடுத்த வாரம் அதே வாசகம் வேறொரு மேதையின் பெயரில் வரும். அவர் அன்போடுதான் அனுப்புகிறார், நானும் பதிலுக்கு ஒரு வணக்கம் போட்டுவிடுகிறேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து நான் ஒருநாளும் பேனாவை எடுத்ததில்லை.

நான் பகலில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவள். கிளம்புவதற்கு முன் கிடைக்கிற அரை மணி நேரத்தில் மையால் பூச்சிகளும் இலைகளும் வரைகிறேன். விற்பதற்கு இல்லை, கண்காட்சிக்கும் இல்லை. வரையாத நாளில் அலுவலகத்தில் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன், அவ்வளவுதான் காரணம். அந்த அரை மணி நேரத்துக்கு வேண்டிய உந்துதலைப் பெரும்பாலும் இணையத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். கதை எழுதுகிற என் தோழிக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது. "எனக்கு நெட்டைத் திறந்தாலே எழுதுகிற ஆசை ஓடிப்போய்விடுகிறது, உனக்கு மட்டும் எப்படிடீ வருகிறது?" என்று கேட்டாள். போனில் சொல்ல ஆரம்பித்து நீண்டுகொண்டே போனது. சரி, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பொன்மொழிகளின் கணக்கை முடித்துவிடுகிறேன். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு வேறு விளைவை எதிர்பார்ப்பது பைத்தியக்காரத்தனம் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக ஒன்று சுற்றுகிறது. அவர் அப்படிச் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. 'கோட் இன்வெஸ்டிகேட்டர்' என்று ஒரு தளம் இருக்கிறது. இந்த மாதிரி வாசகங்களின் பூர்வீகத்தைப் பழைய செய்தித்தாள்களிலும் புத்தகங்களிலும் துருவித் தேடிப் போடுவதுதான் அதன் வேலை. பொன்மொழியை வாசிப்பதைவிட அது எப்படி யார் யார் பெயருக்கெல்லாம் மாறியது என்று வாசிப்பது எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது.

'சங்கிலியை அறுக்காதே' என்கிற உத்தியும் இதே ரகம். தினமும் வேலையை முடித்ததும் நாட்காட்டியில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போடு, குறிகள் சேர்ந்து சங்கிலியாகும், அதை அறுக்காமல் பார்த்துக்கொள் என்று நகைச்சுவைக் கலைஞர் ஜெர்ரி சைன்ஃபெல்ட் ஒரு புதியவருக்கு அறிவுரை சொன்னதாகக் கதை. 2014-ல் இணையத்தில் ரசிகர்களோடு நடந்த கேள்வி பதிலில் இதைப் பற்றிக் கேட்டபோது, அது தன்னுடைய யோசனையே இல்லை, பெயர் மட்டும் தனக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று அவர் சிரித்திருக்கிறார். உத்தி சிலருக்குப் பயன்படலாம். எனக்கு அந்தக் குறிகளைப் பார்த்தால் வருகைப் பதிவேடு ஞாபகம்தான் வருகிறது.

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்கிற விஷயம் இன்னும் வேடிக்கை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் ஒரு புத்தகம் எழுதினார். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தன் புதிய முகம் தனக்கே பழகுவதற்கு ஒருவருக்குக் குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று அதில் குறித்திருந்தார். 'குறைந்தது' என்ற சொல் வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. முகம் பழகுவது எல்லாப் பழக்கத்துக்குமான விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் பழக ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை ஆகும் என்பது அதில் வந்த கணக்கு, நடுவாக 66 நாள். 12 வாரம் என்றால் 84 நாள்தானே, 254 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் பிரிவு மூளை உடனே கேட்டது. கிடைத்த தரவை வளைகோடாக்கி முன்னால் நீட்டிக் கணித்திருக்கிறார்கள். அந்த ஆய்வில் எனக்கு உதவிய செய்தி வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் பெரிதாகக் கெடுவதில்லை. இது தெரிந்த பிறகு சங்கிலிக்காரர்கள் மேல் எனக்கு இருந்த பயம் போய்விட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் எனக்கு உந்துதல் தருகிற இடத்துக்கும் அதை உறிஞ்சிவிடுகிற இடத்துக்கும் நான் பார்க்கிற வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பக்கம் எங்காவது முடிகிறதா? தரமான படங்களா, நல்ல மனிதர்களா, என் ரசனையா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். என் கண்ணுக்கு விருந்தான ஒரு ஓவிய ஓடை இருக்கிறது. ஒவ்வொரு படமும் அற்புதம். ஆனால் விரலால் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்தால் வரையவும் நேரமில்லை, பார்த்த படத்தில் ஒன்றுகூட நினைவிலும் இல்லை. இப்படி முடியாமல் ஓடும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். தேடுகிறவர்கள் அடுத்த பக்கத்துக்கான பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டாமே என்ற நல்ல எண்ணத்தில் செய்தது. அது எப்படியெல்லாம் பயன்படுத்தப்படுகிறது என்பதைப் பார்த்து அவரே பின்னாளில் வெளிப்படையாக வருந்தியிருக்கிறார். அந்தப் பழைய பொத்தானுக்கு ஒரு பயன் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 'இன்னும் வேண்டுமா?' என்று அது ஒரு தடவையாவது கேட்டது.

ஆகவே காலையில் நான் போகிற இடங்கள் எல்லாம் ஒரு நாளைக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறவை. நாசாவின் 'தினம் ஒரு வானியல் படம்' 1995 ஜூன் 16-ல் தொடங்கியது. ராபர்ட் நெமிரோஃப், ஜெர்ரி பானெல் என்ற இரண்டு வானியலாளர்கள் ஆரம்பித்தது. ஒரு படம், கீழே ஒரு பத்தி விளக்கம், முடிந்தது. பக்கத்தின் தோற்றம் இன்றைக்கும் 1995 மாதிரியேதான் இருக்கிறது, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். பூச்சி வரைகிறவளுக்கு விண்வெளியின் நெபுலா மேகம் எதற்கு என்று கேட்கலாம். தூசிப் படலம் ஒளியை மறைக்கிற இடத்தில் கறுப்பு எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பலாகிறது என்று பார்த்துவிட்டு வண்டின் முதுகில் கோடு போட்டுப் பாருங்கள், தெரியும். இலவசப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸும் தினம் ஒரு படத்தை முன்பக்கத்தில் போடுகிறது. சில நாள் பாலம், சில நாள் வரைபடம், என் அதிர்ஷ்டம் இருந்தால் சிலந்தி.

பெரிய அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பைத் திறந்துவிட்டது கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் என்னைப் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரும் சொத்து. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2012-லேயே இதற்கென்று தனிப் பக்கம் திறந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-ல் ஏறக்குறைய 3,75,000 படங்களை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகக் குழுமம் 2020-ல் 28 லட்சம் படங்களோடு வந்தது. எண்களைக் கேட்டதும் மறுபடி முடிவில்லாத ஓடைதானே என்று தோன்றும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். முதல் நாள் இரவே ஒரே ஒரு படத்தைத் தேர்ந்து திறந்து வைத்துவிடுவேன். காலையில் தேடல் கிடையாது. அந்தப் படத்திலும் முழுவதையும் பார்க்க மாட்டேன், எங்காவது ஒரு மூலையைப் பெரிதாக்கி அதை மட்டும் என் காகிதத்தில் பிரதி எடுப்பேன்.

பெரிதாக்குவதற்கென்றே ஒரு படம் இருக்கிறது. ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை ரைக்ஸ்மியூசியம் 8,439 புகைப்படங்களாக எடுத்துத் தைத்து 2022 தொடக்கத்தில் வெளியிட்டது, 717 கிகாபிக்சல். ஒரு பிக்சலுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்து பங்கு. தூரத்திலிருந்து தகதகக்கிற சரிகையை நெருங்கிப் போய்ப் பார்த்தால் கட்டி கட்டியாய் அப்பிய வண்ணமும் அதில் விழுந்த விரிசல்களும்தான். எனக்கு இதைவிடப் பெரிய மோட்டிவேஷன் கிடையாது. மகா கலைஞனும் கிட்டத்தில் போனால் இப்படித்தான் கரடுமுரடாக இருக்கிறான் என்றால், என் தட்டானின் கால் கொஞ்சம் கோணினால் என்ன குடிமுழுகிவிடும்?

பூச்சிக்கென்று போனால் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி. பல நாட்டு இயற்கை வரலாற்று நூலகங்கள் சேர்ந்து தங்கள் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள், 6 கோடிப் பக்கத்துக்கு மேல். இங்கேதான் மரியா சிபில்லா மெரியனை நிதானமாகப் பார்த்தேன். 1699-ல், 52 வயதில், மகளோடு கப்பலேறித் தென் அமெரிக்காவின் சூரினாமுக்குப் போய்ப் பூச்சிகளை வரைந்த பெண். அந்தப் படங்கள் 1705-ல் புத்தகமாக வந்தன. புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி மூன்றையும் அவை தின்னும் செடியோடு ஒரே பக்கத்தில் சேர்த்து வரைந்திருப்பார். கடித்த இலையைக் கடித்த மாதிரியே விட்டிருப்பார். அழகாக்குகிறேன் என்று ஓட்டையை மூடவில்லை.

இனி வான்கோ. கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வான்கோவின் கடிதங்கள் முழுவதும் 2009-லிருந்து இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. அவர் எழுதியவை மட்டும் 819. கையெழுத்துப் பிரதியின் படம், ஆங்கில மொழிபெயர்ப்பு, அடிக்குறிப்பு எல்லாம் சேர்த்து வான்கோ அருங்காட்சியகமும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் உழைத்துச் செய்தது. கோட்டுச் சித்திரம் உள்ள கடிதங்களை மட்டும் தனியாகவும் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒரு கடிதம் என்பது என் வழக்கம். கடிதத்துக்கு முடிவு உண்டு, கையொப்பத்தோடு நின்றுவிடும்.

காதை அறுத்துக்கொண்ட பைத்தியக்கார மேதை என்று நாம் கேள்விப்பட்ட ஆளை இந்தக் கடிதங்களில் தேடினால் பெரும்பாலும் கிடைக்க மாட்டார். கிடைக்கிறவர் தம்பியிடம் காகிதத்தின் தடிமனைப் பற்றியும் பென்சிலைப் பற்றியும் ஓயாமல் பேசுகிற ஒரு தொழிலாளி. 1882 ஆகஸ்ட் மாதக் கடிதங்களில், தூரத்தில் இருப்பதைச் சரியான அளவில் வரைவதற்காக நூல் கட்டிய ஒரு மரச்சட்டம் செய்ததை விவரிக்கிறார். மேடு பள்ளமான மணலில் அதை ஊன்றி நிறுத்தக் கால்கள் வைத்து, கொல்லரிடம் இரும்பு முனை அடித்து வாங்கி, அதைப் படமும் போட்டுக் காட்டுகிறார். வேலையைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேசுகிற ஒருவரோடு பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்தால் கை தானாகப் பேனாவைத் தேடுகிறது.

இன்னொன்று, இது தோழிக்காகவே சொல்கிறேன். இன்று நாம் படங்களை சேவ் செய்து குவிக்கிறோமே, அதை வான்கோ காகிதத்தில் செய்தார். லண்டனில் வந்துகொண்டிருந்த 'கிராஃபிக்' முதலிய வாரப் பத்திரிகைகளின் மரச்செதுக்குப் படங்களை வாங்கி, வெட்டி, அட்டையில் ஒட்டி, பொருள்வாரியாகப் பிரித்து வைத்திருந்தார். நண்பர் வான் ராப்பார்டுக்கு எழுதிய கடிதங்களில், என்னிடம் இது இரண்டு இருக்கிறது, உன்னிடம் அது இருக்கிறதா என்று தீப்பெட்டிப் படம் சேர்க்கிற பையன் மாதிரி பேரம் நடக்கிறது. அப்படியானால் சேகரிப்பது கெட்ட பழக்கம் இல்லை. அவர் ஒவ்வொரு படத்தையும் கையால் தொட்டு, அளந்து, ஒட்டி, எங்கே வைப்பது என்று யோசித்திருக்கிறார். நாம் இதயக் குறியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறோம். அதோடு ஷார்ல் பார்க் என்பவரின் ஓவியப் பயிற்சி ஏடுகளை 1880-ல் ஒன்றுவிடாமல் பிரதி எடுத்தவர், தன் கடைசி ஆண்டான 1890-லும் அதே பயிற்சி ஏடுகளை அனுப்பச் சொல்லித் தம்பியைக் கேட்கிறார். 'நட்சத்திர இரவு' ஓவியத்தையெல்லாம் வரைந்து முடித்த பிறகு!

இதைப் படித்ததிலிருந்து என் சேகரிப்புக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். எந்தப் படத்தை வைத்துக்கொள்வதானாலும் அதில் எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுத வேண்டும். 'இறக்கை நரம்பு, தடித்து மெலிகிறது', 'நிழலே இல்லாமல் உருண்டை', இப்படி. 'அழகு' என்று மட்டும் எழுதத் தோன்றினால் அந்தப் படம் எனக்கு வேண்டாம். எழுதச் சோம்பலாக இருப்பதாலேயே முக்கால்வாசிப் படங்கள் கழிந்துவிடுகின்றன.

தினம் ஒரு சொல் கொடுத்து வரையவோ எழுதவோ வைக்கிற சவால்களைப் பற்றியும் தோழி கேட்டாள். ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் தன் மை வேலையைத் தேற்றிக்கொள்ள 2009-ல் தனக்குத்தானே வைத்துக்கொண்ட அக்டோபர் மாதப் பயிற்சிதான் 'இங்க்டோபர்' என்று உலகெங்கும் பரவியது. 31 நாளில் முடிந்துவிடும் என்பதால் என் விதிக்கும் பொருந்துகிறது. எதை வரைவது என்று யோசிப்பதிலேயே காலை கழிந்துவிடுகிறவர்களுக்கு இது நல்ல மருந்து. நவம்பரில் 50,000 சொல் நாவல் எழுதும் 'நானோரைமோ' 1999-ல் ஆரம்பித்தது, அந்த அமைப்பு 2025-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் நவம்பர் மாதத்தை யாராலும் மூட முடியாது, வேண்டுமானால் நாலு பேர் சேர்ந்து எழுதிக்கொள்ளலாம். பீப்பிள் என்ற பெயரில் இயங்கும் டிஜிட்டல் ஓவியர் மைக் விங்கெல்மன் 2007 மே 1 முதல் தினம் ஒரு படம் போட்டுவருகிறார், முதல் 5,000 படங்களின் தொகுப்பு 2021-ல் 6.9 கோடி டாலருக்கு ஏலம் போனது என்பதை மோட்டிவேஷன் பேச்சாளர்கள் மேற்கோள் காட்டாத நாளில்லை. எனக்கு அந்தப் படங்கள் அவ்வளவாகப் பிடிக்காது. கல்யாணத்துக்குப் போன நாளிலும் காய்ச்சல் வந்த நாளிலும் ஏதாவது ஒன்றை முடித்தே தீருவது என்பது என் குணத்துக்கு ஒத்தும் வராது.

வீடியோக்களில் ஒரு எச்சரிக்கை. வேகமாக ஓட்டிய ஓவிய வீடியோக்கள் எனக்கு ஆகவே ஆகாது. ஆறு மணி நேர வேலை நாற்பது நொடியில் முடிவதைப் பார்த்துவிட்டு என் காகிதத்தைப் பார்த்தால் நான் நகரவே இல்லை என்று தோன்றும். அக்கா மகள் அடிக்கடி அனுப்புவாள், "சித்தி, இது பாருங்க, செம" என்று. பார்த்துவிட்டு அவளுக்காக ஒரு கைதட்டல் போடுவேன். எனக்கு வேண்டியது வெட்டாமல், இசை சேர்க்காமல், மை காய்வதற்குக் காத்திருப்பதையும் காட்டுகிற நீள வீடியோ. நான் இடக்கைக்காரி. இடமிருந்து வலமாகக் கோடு போட்டால் ஈர மை உள்ளங்கை முழுதும் ஒட்டும். வலது மூலையிலிருந்து தொடங்கினால் போதும் என்பதை அப்படி ஒரு நீள வீடியோவில், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் வரைந்துகொண்டிருந்த இன்னொரு இடக்கைக்காரரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

வரைந்ததைப் பொதுவில் போடுவது உந்துதல் தருமா என்றால், எனக்கு எதிர்மாறாகத்தான் வேலை செய்கிறது. லைக் வந்தால் மறுநாளும் அதே பூச்சியைத்தான் வரையத் தோன்றும், வராவிட்டால் பூச்சியையே பிடிக்காமல் போகும். ஐந்து பேர் உள்ள ஒரு சிறிய குழுவில் மட்டும் பகிர்கிறேன். அதில் ஒருவர் உயிரியல் ஆசிரியர். "கால் நெஞ்சுப் பகுதியிலிருந்துதானே முளைக்க வேண்டும், வயிற்றிலிருந்து வருகிறதே" என்று ஒரு தடவை எழுதினார். ஆயிரம் இதயக் குறிக்கு இல்லாத மரியாதை அந்த ஒரு வரியில் இருந்தது, அவர் படத்தை உண்மையாகவே பார்த்திருக்கிறார்.

இவ்வளவையும் தோழியிடம் சுருக்கிச் சொன்னபோது, வான்கோ கடிதங்களை முதலிலிருந்து ஆரம்பிக்கப்போகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். 1872-லிருந்து வரும் அந்த ஆரம்பக் கடிதங்களில் ஓவிய வியாபாரமும், கொஞ்சம் தாண்டினால் பக்கம் பக்கமாகப் பிரசங்கமும்தான். தினம் ஒன்றாகப் படித்தால் அவர் பென்சிலைத் தொடுவதற்குள் இவள் ஓடிவிடுவாள். 155-ஆம் எண் கடிதத்தில் தொடங்கச் சொல்லியிருக்கிறேன். 1880 ஜூன், வேலையும் இல்லாமல், வீட்டாரின் நம்பிக்கையும் இல்லாமல், நீண்ட இடைவெளிக்குப் பிறகு தம்பிக்கு எழுதுகிற கடிதம். ரொம்ப நீளம், அந்த ஒரு நாள் மட்டும் அரை மணி நேரம் முழுவதும் அதற்கே போய்விடும். பரவாயில்லை. அடுத்த சில எண்களுக்குள் ஆள் வரைய ஆரம்பித்துவிடுவார்.